பழைய தோழமை, காதல், கையில் ஒரு போன்: கடலூர்–பாண்டி இளையோர் நாவல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயிருக்கு உயிராய்ப் பழகிய இருவர் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சில வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள், காதல் வருகிறது. பிரிவுக்கும் சேர்வுக்கும் நடுவே போனோ, செயலியோ, பழைய லேப்டாப்போ நிற்கிறது. இந்த வகைக் கதையை எழுதிப் பார்க்கும் இளைஞர்கள் கடலூரிலும் பாண்டியிலும் நிறையப் பேர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்கிற மாதிரியே கீழே தொகுத்திருக்கிறோம்.

விளக்கத்துக்கு ஒரு மாதிரிக் கதை. மலர், கடலூர் முதுநகர்ப் பெண். இனியன் பத்தாவது வரை அவளோடு படித்தவன், 2020-ல் குடும்பத்தோடு பாண்டி முத்தியால்பேட்டைக்குப் போய்விட்டான். கதை நடப்பது 2024 கடைசியில். இருவரும் கல்லூரி மூன்றாம் ஆண்டு.

1. யங் அடல்ட்னா ஸ்கூல் பசங்க லவ் ஸ்டோரியா? எத்தனை வயசு வைக்கணும்?

படிக்கிறவர்கள் பதின்ம வயதினரும் இருபதை ஒட்டியவர்களும். அவர்கள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்த பாத்திரங்களை விரும்பிப் படிக்கிறார்கள். காதல் தொடங்கும்போது இருவருக்கும் 18 முடிந்திருக்கட்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. 16 வயது ஜோடியின் ரகசியச் சந்திப்புகளை எழுதினால், வீட்டாரின் புகார், காவல் நிலையம், வழக்கு என்று கதை போகக்கூடிய வழியையும் நீங்கள் கணக்கில் எடுத்தாக வேண்டும். பள்ளிப் பருவத்தைப் பின்கதையாக, வெறும் நட்பாக மட்டும் எழுதுங்கள். அந்த நட்பே நாவலின் பாதி பலம்.

இன்னொரு காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. 18 நிறையாதவருக்கு அவர் பெயரில் சிம் தர விதி இல்லை. பத்தாவது படித்தபோது இனியனின் எண் அப்பா பெயரில்தான் இருந்திருக்கும். அப்பா வேண்டாம் என்றால் அந்த எண் போய்விடும். இது 6-ஆம் கேள்வியில் பெரிதாகப் பயன்படப் போகிறது.

2. எவ்வளவு பெருசா எழுதணும்?

30,000 முதல் 45,000 சொல் போதும். டெமி அளவுப் (நாவல்கள் வழக்கமாக அச்சாகும் அளவு) பக்கத்தில் சுமார் 200 சொல் நிற்கும். ஆக 150 முதல் 220 பக்கம். அத்தியாயத்துக்கு 1,500 முதல் 2,000 சொல் என்று வைத்தால் இருபது இருபத்திரண்டு அத்தியாயம். சாட் நிறைய வரும் நாவலில் வரிகள் சின்னதாக உடைவதால் பக்கம் கூடும். பக்கத்தை நம்பாமல் சொல்லை எண்ணுங்கள்.

3. டெக்னாலஜி வேணும்னா ஹீரோ சாஃப்ட்வேர்ல இருக்கணுமா? எனக்கு கோடிங் தெரியாதே.

தேவையே இல்லை. ஒரு கருவி போதும். அதற்கு என்னென்ன விதி என்று முதல் ஐந்து அத்தியாயத்துக்குள் வாசகருக்குத் தெரிய வேண்டும், கடைசிவரை அந்த விதியை நீங்கள் மீறக் கூடாது. மூன்றாவது அத்தியாயத்தில் திறக்காத கோப்பு இருபதாவதில் காரணமில்லாமல் திறந்தால், வாசகர் காதலையும் சேர்த்தே நம்ப மாட்டார்.

நம் ஊரில் கிடைக்கும் பொருட்களையே பாருங்கள். தமிழ்நாடு அரசு 2011-லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கிறது. மலரின் அக்கா 2015-ல் வாங்கியது ஒன்று இருக்கட்டும், பள்ளி ஆண்டு விழாப் படங்கள் அதில்தான் இருக்கட்டும். அதைத் திறக்க என்னென்ன வேண்டும்? பேட்டரி செத்திருக்கும், சார்ஜர் செருகினால்தான் ஓடும். டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, அதைக் கழற்றாமல் சார்ஜ் போடவே கூடாது. உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னே போயிருக்கும். அந்தத் தேதியோடு இணையத்தில் நுழைந்தால் எந்தத் தளமும் ‘பாதுகாப்பு இல்லை’ என்று தடுக்கும். தேதியைச் சரிசெய்த பிறகுதான் உள்ளே போக முடியும். இரண்டு பேர் ஒரே திரைமேல் குனிந்து ஒரு மணி நேரம் உட்கார இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

போனும் கணினியும்தான் தொழில்நுட்பம் என்றும் நினைக்க வேண்டாம். பாண்டியைச் சுற்றிய கிராமங்களில் 1998-லிருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையங்கள் இயங்கின. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 சுனாமியின்போது சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரிக்க, நல்லவாடு கிராமத்தில் அந்த ஒலிபெருக்கி வழியே மக்களை வெளியேற்றினார்கள். மீனவர் வீட்டுக் கதை எழுதுகிறவர்கள் இதைத் தொடாமல் போவது பெரிய இழப்பு.

4. நல்லா இருந்த ஃப்ரெண்ட்ஸ் எதுக்குப் பிரிஞ்சாங்கன்னு முடிவு பண்ணவே முடியல. ‘மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்’னு வச்சா போதுமா?

போதாது. ஒரு போன் கால் செய்து பேசினால் தீர்ந்துவிடும் சந்தேகம் நாலு வருடப் பிரிவைத் தாங்காது. வாசகர் பத்தாவது பக்கத்திலேயே ‘கேட்டுத் தொலையேன்’ என்று சொல்லிவிடுவார். பிரிவுக்கு அடியில் ஒரு செயல் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் எதையோ நிஜமாகவே செய்திருக்க வேண்டும், இன்னொருவருக்கு நிஜமாகவே வலித்திருக்க வேண்டும்.

மாதிரிக் கதையில் இப்படி வைக்கலாம். ஊரடங்குக் காலத்தில் இனியன் வீட்டில் கடன் பிரச்சினை. அப்பா கடையை மூடப் போகிறார். இதை அவன் அழுதுகொண்டே ஒரு வாய்ஸ் மெசேஜில் மலருக்கு மட்டும் அனுப்புகிறான். இரண்டு நாள் கழித்து அது வகுப்புக் குழுவில் வருகிறது. ‘ஃபார்வர்டு’ என்ற அடையாளத்தோடு. அந்த அடையாளம் முதலில் அனுப்பியது யார் என்று சொல்லாது. ஆனால் அவன் அனுப்பியது ஒரே ஆளுக்குத்தானே! மலர் செய்தது என்ன? அவனுக்கு எப்படி உதவுவது என்று கேட்க, இருவருக்கும் நெருங்கிய தோழி ஒருத்திக்கு அதை அனுப்பினாள். அந்தத் தோழி வீட்டில் ஒரே போன், ஆன்லைன் வகுப்புக்காகத் தம்பியும் அதையேதான் வைத்திருந்தான். அவன் கை தவறிக் குழுவில் போட்டான். மலர் துரோகி இல்லை, குற்றமற்றவளும் இல்லை. அவனைக் கேட்காமல் அனுப்பியது அவள்தான். அந்த நடு நிலம்தான் உங்களுக்கு வேண்டும்.

முடிவு செய்ய ஒரு வழி: மூன்று தாள் எடுங்கள். முதல் தாளில் நடந்ததை அவள் சொல்வதாக எழுதுங்கள், இரண்டாவதில் அவன் சொல்வதாக. இரண்டிலும் எழுதுகிறவருக்கே நியாயம் இருப்பதாகப் படிப்பவருக்குத் தோன்ற வேண்டும். மூன்றாவதில் போனில் எஞ்சியிருப்பதை மட்டும் எழுதுங்கள்: எந்தக் கோப்பு, எந்தத் தேதி, எத்தனை மணி, யார் குழுவை விட்டுப் போனார்கள். இந்த மூன்றும் எங்கெங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கெல்லாம் ஒரு அத்தியாயம் இருக்கிறது. போன் பொய் சொல்வதில்லை, ஆனால் மனசில் என்ன இருந்தது என்பதையும் சொல்வதில்லை. நாவல் ஓட வேண்டியது அந்த இடைவெளியில்தான்.

5. ப்ளூ டிக் வச்சு நாலஞ்சு சீன் எழுதியிருக்கேன். எங்கெல்லாம் தப்பு வரும்?

முதலில் வாட்ஸ்அப்பின் விதி. கடிகாரக் குறி என்றால் அனுப்புகிறவர் போனிலிருந்தே செய்தி கிளம்பவில்லை. ஒற்றை டிக், கிளம்பிவிட்டது, எதிர் போனுக்குச் சேரவில்லை. சாம்பல் நிற இரட்டை டிக், சேர்ந்துவிட்டது. நீலம், திறந்தாயிற்று. நீல டிக் வந்ததே 2014 நவம்பரில். 2013-ல் நடக்கும் காட்சியில் அதை வைக்காதீர்கள். அமைப்பில் நீல டிக்கை நிறுத்தி வைத்தவருக்கு மற்றவர்கள் படித்ததும் தெரியாது. ஸ்டேட்டஸ் பார்த்தவர் பட்டியலிலும் அவர் பெயர் வராது. அவன் ஸ்டேட்டஸை அவள் தினமும் பார்ப்பதை அவன் கண்டுபிடிக்கிறான் என்று எழுதும் முன், அவள் போன் அமைப்பு என்ன என்று முடிவு செய்யுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: நீல டிக்கை நிறுத்தினாலும் வாய்ஸ் மெசேஜைக் கேட்டது தெரிந்துவிடும், மைக் குறி நீலமாகும். குழுவிலும் படித்தது தெரியும். உதாரணமாக, கதை நடக்கும் 2024-ல் இனியன் எல்லாவற்றையும் மறைத்து வைத்திருக்கிறான், மலர் எழுதிய இருபது செய்திக்கும் சாம்பல் டிக்தான். கடைசியாக ஒரு வாய்ஸ் அனுப்புகிறாள். இரவு 2 மணிக்கு மைக் நீலமாகிறது. வசனமே இல்லாமல் ஒரு அத்தியாயம் முடிந்துவிட்டது.

பிளாக் செய்ததற்கு உறுதியான சாட்சி கிடையாது. ஒற்றை டிக், டிபி இல்லை, லாஸ்ட் சீன் இல்லை, கால் போகவில்லை. இவையெல்லாம் சேர்ந்து ஊகம்தான், போன் அணைந்திருந்தாலும் ஒற்றை டிக்தான். பிளாக் செய்த இருவர் ஒரே குழுவில் இருந்தால் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்க முடியும் என்பதை மறக்காதீர்கள். எல்லோருக்குமாக அழித்தால் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற தடம் நிற்கும். திருத்தும் வசதி 2023-ல்தான் வந்தது, அதுவும் அனுப்பிய 15 நிமிடத்துக்குள். திருத்தியதும் தெரியும்.

6. அவ பழைய நம்பருக்கு மெசேஜ் போடுறா, வேற யாரோ படிக்கிறாங்க. இது நடக்குமா?

நடக்கும், தேதியை மட்டும் சரியாகக் கணக்கிடுங்கள். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழிந்த பிறகே வேறு ஒருவருக்குத் தருவார்கள். வாட்ஸ்அப் தன் பங்குக்கு, 120 நாள் பயன்படுத்தாத கணக்கை நீக்கும். 45 நாளுக்கு மேல் தூங்கிய கணக்கின் எண்ணை வேறு போனில் யாராவது பதிவு செய்தால் பழைய கணக்கின் விவரம் போய்விடும்.

ஆக 2020 ஜூலையில் அப்பா அந்த எண்ணை விட்டார் என்றால், அக்டோபருக்கு முன் அந்நியர் கையில் அது போகாது. அதே சமயம் சிம் செத்த பிறகும் வாட்ஸ்அப் பழைய எண்ணில் சில காலம் ஓடியிருக்கலாம். அந்த மாதங்களில் சாதாரண கால் போகாது, வாட்ஸ்அப் செய்தி போகும். மலர் ஆகஸ்டில் அனுப்பிய மன்னிப்புக்கு நீல டிக் விழுந்தால், படித்தது இனியன். டிசம்பரில் அனுப்பியதற்கு நீல டிக் விழுந்தால், படித்தது யாரோ. அவளுக்கு இரண்டும் ஒரே நீலம். நாலு வருடம் கழித்து ‘நீ படிச்சும் பதில் போடல’ என்று அவள் சொல்லும்போது, எந்தச் செய்தியைச் சொல்கிறாள் என்பதில் கதை திரும்பும்.

அந்த அந்நியரை வில்லனாக்கவோ இன்னொரு காதலனாக்கவோ வேண்டாம். நெய்வேலியிலோ பண்ருட்டியிலோ இருக்கும் ஒரு நடுத்தர வயதுக்காரர், ‘தம்பி நம்பர் இல்லம்மா இது’ என்று ஒரு வரி பதில் எழுதினால் போதும். அந்த வரியை மலர் எப்போது பார்த்தாள் என்பது உங்கள் கையில்.

7. எந்த வருஷத்துல எது இருந்துச்சுன்னு குழம்புது.

மாதிரிக் கதைக்கான வரிசையைச் சொல்கிறோம், உங்கள் கதைக்கும் இப்படி ஒன்று போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, அதற்குப் பிறகுதான் சின்ன ஊர் வீடுகளிலும் டேட்டா தாராளமானது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, எல்லோரும் தேர்ச்சி. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு. அந்த ஆண்டு மாணவர்களுக்குக் கடைசித் தேர்வு நாள், பிரிவு உபசாரம், சட்டையில் மை தெளிப்பது என்று எதுவுமே இல்லை. ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளாமலே கலைந்த வகுப்பு அது. பழைய நண்பர்கள் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பு தேடினாலும் கிடைக்காது. அதனால்தான் மாதிரிக் கதைக்கு அதையே எடுத்தோம்.

அதே ஜூன் 29-ல் டிக்டாக் தடை, அதில் சேர்ந்து எடுத்த வீடியோக்களும் போயின. வாய்ஸ் மெசேஜை இரட்டை வேகத்தில் கேட்கும் வசதி 2021-ல்தான் வந்தது. கதை இன்னும் பழையது என்றால் 2011 டிசம்பர் 30 தானே புயல், 2014 செப்டம்பர் 30-ல் ஆர்குட் என்ற சமூகத் தளத்தின் மூடல், 2015 நவம்பர், டிசம்பர் கடலூர் வெள்ளம் ஆகியவை உங்களுக்கான முளைக்குச்சிகள்.

8. சாட்டை அப்படியே ஸ்க்ரீன் மாதிரி போடலாமா? தங்கிலீஷை எப்படி எழுதுறது?

அவர்கள் நிஜத்தில் ஆங்கில எழுத்தில் ‘எங்க இருக்க’ என்று அடித்தாலும், நாவலில் தமிழ் எழுத்திலேயே போடுங்கள். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தில் தமிழைப் படிக்கக் கண் சலிக்கும். சாட்டின் தன்மையைச் சுருக்கத்தால் காட்டலாம்: முற்றுப்புள்ளி இல்லாத வரி, ஒரே வாக்கியம் மூன்று செய்தியாக உடைவது, ‘ம்’ என்ற ஒற்றை எழுத்துப் பதில். ஆளுக்கு ஒரு பழக்கம் கொடுங்கள். மலர் முழு வாக்கியமாக எழுதுவாள், இனியன் துண்டு துண்டாக அனுப்புவான். பெயரே போடாமல் யார் எழுதியது என்று தெரிந்தால் நீங்கள் வென்றீர்கள்.

ஒரு இடத்தில் 15 வரிக்கு மேல் சாட் வேண்டாம். நடுவில் அறைக்குத் திரும்புங்கள், அம்மா கூப்பிடட்டும், குக்கர் விசில் அடிக்கட்டும். நேரத்தை ஒவ்வொரு வரிக்கும் போடாமல், தாமதம் பொருள் தரும் இடத்தில் மட்டும் போடுங்கள். 11.42-க்குக் கேள்வி, 1.15-க்குப் பதில் என்றால் அந்த ஒன்றரை மணி நேரம் தானே பேசும். அடித்து அழித்த செய்திகளும் உங்கள் சொத்துதான், ஆனால் அவை அடித்தவர் பார்வையில் எழுதும் அத்தியாயத்தில் மட்டும் வர முடியும்.

9. கடலூர்–பாண்டி அரை மணி முக்கால் மணி பஸ்தான். இவ்வளவு பக்கத்துல இருந்துட்டு நாலு வருஷம் பார்க்காம இருப்பாங்களா?

தூரம் சுமார் 22 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. 2020-ல் அது நிஜமாகவே மூடியது. ஆகஸ்ட் முடியும்வரை தமிழ்நாட்டில் மாவட்டம் தாண்டவே இ-பாஸ் வேண்டும். பிரிவின் முதல் மாதங்களுக்கு அதுவே காரணமாகட்டும், பிறகு ரோஷம் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் கல்லூரிச் சேர்க்கை: பாண்டிப் பிள்ளைகளுக்கு சென்டாக் என்ற புதுவை அரசின் கலந்தாய்வு, கடலூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டுக் கலந்தாய்வு. விடுமுறை நாட்கள்கூட வேறு. நவம்பர் 1 பாண்டிக்கு விடுதலை நாள், கடலூரில் அன்றைக்கு வழக்கமாகக் கல்லூரி உண்டு. லேண்ட்லைன் குறியீடு 0413, 04142. வண்டி எண் பி.ஒய்., டி.என். இப்படிச் சின்ன வேறுபாடுகளை வைத்து நிறைய எழுதலாம்.

நேர்ப் பாதையில் ரயில் கிடையாது. பாண்டி ரயில் விழுப்புரம் போய்த்தான் மற்ற ஊருக்குத் திரும்பும், ஆகவே காதலர்கள் பஸ்ஸிலோ வண்டியிலோதான் வர வேண்டும். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் தாண்டினால் தமிழ்நாடு. பிறகு தென்பெண்ணைப் பாலம், மஞ்சக்குப்பம். கெடிலம் ஆறு அதற்கும் அப்பால், திருப்பாதிரிப்புலியூர் போகும் வழியில்.

ஒரு பிழையைக் கட்டாயம் தவிருங்கள். கடலூர் சில்வர் பீச்சிலும் பாண்டிக் கடற்கரைச் சாலையிலும் சூரியன் கடலில் மறையாது. கிழக்குக் கடல், உதிப்பதை மட்டும்தான் பார்க்கலாம். மாலைக் காட்சி வேண்டுமென்றால் பௌர்ணமி வைத்துக்கொள்ளுங்கள், சூரியன் ஊர்ப் பக்கம் இறங்கும் நேரத்தில் நிலா கடலிலிருந்து ஏறும். பாண்டிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள், அதனால் பைக்கை ஒரு தெரு உள்ளே நிறுத்திவிட்டு நடக்க வையுங்கள்.

10. பாண்டிப் பையன்னா பிரெஞ்சு பேசணுமா?

பெரும்பாலோர் பேசுவதில்லை. சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டுப் பிள்ளை, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் என்றால் மட்டும் வையுங்கள். அப்படி ஒரு தோழர் பாரிஸில் இருந்து பேசுவதாக எழுதினால் நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு மாறும், மார்ச் கடைசி ஞாயிறு மீண்டும் மாறும். பாண்டியில் இரவு 11 என்றால் டிசம்பரில் அங்கே மாலை 6.30.

11. திரும்பப் பார்க்கும்போது ‘டா’ ‘டீ’ போட்டுப் பேசுவாங்களா, ‘நீங்க’ன்னு பேசுவாங்களா?

முதலில் இரண்டுமே வராது. பழைய உரிமையோடு ‘டா’ சொல்ல வாய் வராது, கூடப் படித்தவனை ‘நீங்க’ என்றால் அவமானப்படுத்துவது போலாகும். எனவே விளியே இல்லாமல் பேசுவார்கள்: ‘சாப்டாச்சா?’, ‘எப்ப வந்தது?’, ‘வண்டி இங்கதான் நிக்குது.’ இப்படி முன்னிலை இல்லாத வாக்கியங்களிலேயே இரண்டு மூன்று அத்தியாயம் ஓட்டுங்கள். பிறகு ஒரு கோபத்திலோ பயத்திலோ ‘பார்த்து வாடா!’ என்று தவறி வரட்டும். யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம், வாசகர் பிடித்துக்கொள்வார். பாண்டிக்குப் போய் நாலு வருடமான இனியன் வாயில் ‘இன்னா’வும் ‘வந்துக்கினு’வும் கொஞ்சம் ஏறியிருக்கலாம், மலர் அதைக் கவனிக்கலாம். நண்பனின் அம்மாவை அவள் சின்ன வயதில் ‘அம்மா’ என்று கூப்பிட்டிருந்தால் இப்போதும் அதையே சொல்லட்டும். அந்த அம்மா அவளை விட்டுவிடவில்லை என்பதை அது காட்டும்.

12. புயல்ல நெட்வொர்க் போய், அதனாலயே சேருறாங்கன்னு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் புயல் சந்திக்க வைக்கட்டும், மன்னிக்க வைக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டி அருகே கரை கடந்தது. பாண்டியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.-க்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான இடங்கள் மூழ்கின. சாத்தனூர் அணை திறந்து அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர் பக்கமும் கடலூர் பக்கமும் தவித்தன. ஆக ஆபத்து முதலில் இனியனுக்கு, பிறகு மலருக்கு. கவலைப்படும் ஆள் மாறுவது கதைக்குப் பெரிய வரம்.

மின்சாரம் போன உடனே டவர் சாகாது. பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், பிறகு டீசல். தண்ணீர் சூழ்ந்து டீசல் வர முடியாதபோதுதான் சாகும். அதனால் புயல் இரவில் பேசியவர்கள் மறுநாள் பேச முடியாமல் போவதே இயல்பு. 5-ஆம் கேள்வியில் சொன்ன குறிகளை இங்கே கவனியுங்கள். மலர் போனில் கடிகாரக் குறி நின்றால் அவள் பக்கம் நெட்வொர்க் இல்லை, ஒற்றை டிக் நின்றால் அவன் பக்கம் இல்லை. சிக்னல் பலவீனமான இடத்தில் போன் டவரைத் தேடித் தேடி பேட்டரியைத் தின்னும், விமானப் பயன்முறையில் போட்டு வைத்து மணிக்கு ஒருமுறை எடுத்தால் தாங்கும். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்றாலும் 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டு முறை நிரப்பாது. மாற்றத்தில் வீணாவது போக ஒரு முழு சார்ஜும் கொஞ்சமும்தான். டேட்டா வராத இடத்தில் எஸ்.எம்.எஸ். சில சமயம் போய்விடும்.

13. ஹீரோ அவ போன் பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சு உண்மையைத் தெரிஞ்சுக்கிறான். ட்விஸ்ட் நல்லாத்தானே இருக்கு?

நல்லா இல்லை. அவன் காயப்பட்டதே, அந்தரங்கமானது அனுமதி இல்லாமல் கை மாறியதால்தான். அதையே அவன் அவளுக்குச் செய்தால் காதலுக்கான தகுதியை இழக்கிறான், நீங்கள் அதை ‘அன்பு’ என்று காட்டினால் படிக்கும் 17 வயதுப் பிள்ளைக்குத் தவறானதைக் கற்பிக்கிறீர்கள். பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவில் 3 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். மிரட்டல், படம் பரப்புதல் போன்றவை கதையில் வந்தால், பாத்திரங்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைப்பதாகக் காட்டுங்கள். தனியாகப் போய்ச் சண்டை போட்டுத் தீர்ப்பதைவிட அது நம்பும்படியாகவும் இருக்கும்.

உண்மை வெளிவர வேறு வழி உண்டு: அவளே போனைத் திறந்து அவன் கையில் கொடுக்கலாம். அல்லது படத்தில் ஒட்டியிருக்கும் தேதி, இட விவரம் பேசலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் அந்த விவரங்கள் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பினால் மட்டும் நிற்கும். 3-ஆம் கேள்வியில் சொன்ன லேப்டாப்பில், கேமராவிலிருந்து நேராக ஏற்றிய படங்களில் அப்படியே இருக்கும்.

14. அவன் ஏஐ வச்சு மெசேஜ் எழுதுறான், அவ அந்த மெசேஜைத்தான் காதலிக்கிறா. இப்படி எழுதலாமா?

நல்ல முடிச்சு. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-ல் வந்தது, வாட்ஸ்அப்புக்குள் மெட்டா ஏஐ இந்தியாவுக்கு 2024 ஜூனில் வந்தது, அதற்கு முன் வைக்காதீர்கள். அவள் கண்டுபிடிப்பது நடையால் இருக்கட்டும். 8-ஆம் கேள்வியில் ஆளுக்கு ஒரு பழக்கம் கொடுத்தோமே, அது இங்கே பலன் தரும். துண்டு துண்டாக எழுதியவன் திடீரென்று நிறுத்தற்குறியெல்லாம் போட்டு, புத்தகத் தமிழில் பத்தி எழுதினால், கூடப் படித்தவளுக்குத் தெரியாதா? பழைய நண்பர்களுக்கு மட்டும் இருக்கிற சாட்சி அது. பிள்ளைப் பருவப் பெயர் ஒன்று, ஆசிரியரின் பட்டப்பெயர் ஒன்று அந்தச் செய்தியில் இல்லாமல் போவதைக்கூட அவள் கவனிக்கலாம்.

அவன் ஏன் அதை நாடினான் என்பதை இரக்கத்தோடு எழுதுங்கள். ஒருமுறை மனசைத் திறந்து பேசிய குரல் ஊர் முழுக்கப் போனவன், மறுபடி தன் சொல்லில் பேசப் பயப்படுகிறான். காரணம் 4-ஆம் கேள்வியிலேயே இருக்கிறது.

15. நடுவுல பத்து அத்தியாயம் தொங்குது. என்ன பண்ண?

பெரும்பாலும் மூன்றாவது நண்பர் காணாமல் போயிருப்பார். அந்தத் தோழியைக் கொண்டுவாருங்கள். தம்பி செய்ததை அவள் இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை? அவளுக்கும் இவர்கள் இருவரும் பழைய நண்பர்கள்தானே. அவள் வகுப்புக் குழுவை விட்டு ஓசையில்லாமல் வெளியேறட்டும். 2022-லிருந்து அந்த அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான் போகும், அதனால் அட்மின் யார் என்பதும் முக்கியமாகிறது. அவளும் மலரும் பேசும் காட்சி ஒன்று, அவளும் இனியனும் பேசும் காட்சி ஒன்று. இரண்டையும் நேருக்கு நேர் வையுங்கள், சாட்டில் வேண்டாம். இதிலேயே நாலு அத்தியாயம் நிமிரும்.

16. கடைசியில சேரணுமா? மன்னிப்பை எப்படிச் சொல்ல வைக்கிறது?

காதல் கதை என்று சொல்லி விற்றால் சேர்ந்தாக வேண்டும், குறைந்தபட்சம் சேரும் நம்பிக்கையாவது தெளிவாக வேண்டும். கல்யாணம்வரை போக வேண்டாம். 20 வயதில் படிப்பு முடியாத இருவருக்கு அடுத்த சந்திப்பு எப்போது என்று தெரிந்திருப்பதே போதுமான நிறைவு. மன்னிப்பு போனில் வேண்டாம், குரல் வழியே நடந்த காயம் என்பதால் எதிரில் நின்று சொல்லட்டும். ‘தப்பா நினைச்சிட்ட’ என்று தொடங்கினால் அது மன்னிப்பில்லை. ‘உன்னைக் கேக்காம அனுப்பினேன்’ என்று செயலைப் பெயர் சொல்லித் தொடங்கட்டும். அவன் உடனே ‘பரவால்ல’ சொல்ல வேண்டாம். இரண்டு அத்தியாயம் போகட்டும். அவனும் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருக்கிறது: ஆகஸ்டில் படித்துவிட்டும் பேசாமல் இருந்தான். முதலில் அவள், பிறகு அவன் என்று இரண்டையும் தனித்தனிக் காட்சியாக வையுங்கள்.

17. அச்சுக்குப் போகும்போது இந்த சாட், எமோஜி எல்லாம் என்ன ஆகும்?

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். சில அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் வடிவமைக்கிறார்கள். மாற்றும்போது எமோஜி கட்டமாகும், மேற்கோள் குறி வேறு எழுத்தாகும், கொம்பு எழுத்திலிருந்து விலகி நிற்கும். மெய்ப்புப் பார்க்கும்போது சாட் வரும் பக்கங்களைத் தனியாக எடுத்து, ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரும் சொற்களையும் நேர எண்களையும் விரல் வைத்துப் பாருங்கள். எமோஜிக்குப் பதில் ‘சிரிப்புப் பொம்மை அனுப்பினான்’ என்று எழுதிவிடுவது பாதுகாப்பு.

ஸ்கிரீன்ஷாட் படமாகப் போட வேண்டாம், கறுப்பு வெள்ளை அச்சில் சாம்பல் டிக்குக்கும் நீல டிக்குக்கும் வேறுபாடு தெரியாது. ஒருவர் செய்தியை இடது ஓரத்திலும் மற்றவருடையதை ஓரங்குலம் உள்ளே தள்ளியும் வைத்தால் போதும். மின்னூலில் படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினாலும் இந்த அமைப்பு குலையாது, வலது ஓரத்துக்கு ஒட்டி வைத்தால் குலையும். டிக் குறிகளைச் சொல்லாலேயே எழுதுங்கள்: ‘ஒற்றை டிக்’, ‘மைக் நீலமானது’. கதையின் ஆண்டை முதல் அத்தியாயத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால், பின்னால் அந்தச் செயலி எப்படி மாறினாலும் உங்கள் விதிகள் அந்த ஆண்டுக்குச் சரியாகவே நிற்கும்.